வண்டு தொடாத பயறு

என் அன்பு அத்தைக்கு,

பாசிப்பயறு வெந்துவிட்டது. இரண்டே விசில், மாவாக மசிகிறது. இதெல்லாம் ஒரு சேதியா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், இதற்கு எனக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

நம் சண்டையை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மருமகள் பயறு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை செய்கிறாள் என்று ஒரகடம் முழுக்கப் பெருமையடித்தது நீங்கள்தானே? வண்டு துளைக்காத பயறைக் கண்டுபிடிக்க, பாட்டில் பாட்டிலாகப் பயறு போட்டு நானே வண்டுகளை உள்ளே விடுவேன். பண்ணையில் கூரை மாற்றிய வாரம் அந்தப் பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.

மாலையில் வந்து பார்த்தால் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணு! பயறு பூரா வண்டு மேஞ்சிகினு கீது, பாக்கமாட்டியா?"

துளை விழுந்ததெல்லாம் கோழிக்குப் போயிருந்தது. ஒரு துளைகூட விழாத பதினாலாம் எண் பாட்டில் பயறைச் சுண்டல் செய்து, கம்பெனி வேலைக்கு வந்து நம் மாடியில் குடியிருக்கும் தென்காசிப் பெண்களுக்குக் கொடுத்திருந்தீர்கள். அந்தப் பயறைத்தான் நான் மூன்று பருவமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

வீடே அதிரக் கத்தினேன். நீங்கள் அசரவில்லை. "கத்தாத. அது வேகவே இல்ல. வண்டே கடிக்க முடியாதத மனுசன் எப்டிம்மா கடிப்பான்?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது அத்தை" என்றேன். இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை.

பண்ணையில் பாதி விதை எடுத்து வைத்திருந்ததால் பதினாலு பிழைத்தது. நீங்கள் கண்மூடிய அடுத்த வருடம், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் சில விவசாயிகளுக்குச் சோதனைக்குக் கொடுத்தோம். மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்தும் வண்டு விழவில்லை. நான் தலைகால் புரியாமல் இருந்தபோது ஓர் அம்மா பையோடு பண்ணைக்கே வந்துவிட்டார். "கேஸு தீந்ததுதான் மிச்சம், பயறு வேகல. நீயே வச்சிக்கோ." அந்த நிமிஷம் யாரை நினைத்துக்கொண்டேன் தெரியுமா?

வண்டைத் தடுப்பது ஒரு குணம், வேகாமல் அடம்பிடிப்பது இன்னொரு குணம். பதினாலில் இரண்டும் சேர்ந்தே வந்திருந்தன. நன்றாக வேகும், கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் ஒரு ரகத்தோடு அதைக் கலந்து, பிறந்த செடிகளில் தேறாதவற்றைப் பருவத்துக்குப் பருவம் கழித்துக்கொண்டே வந்தேன். இப்போது மிஞ்சியிருப்பது நிறையக் காய்க்கிறது, வண்டை அண்டவிடுவதில்லை, சமர்த்தாக வேகிறது. நேற்று ஷிப்ட் முடிந்து வந்த மாடிப் பெண்களுக்குக் கொடுத்தேன். "இன்னுங் கொஞ்சம் இருக்காக்கா?" என்று கிண்ணத்தை நீட்டினாள் ஒருத்தி. இந்த ரகம் ஊர் ஊராகப் போகும் அத்தை, எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். அன்றைய சுண்டலில் எனக்கென்று ஒரு கிண்ணம், தேங்காய் தூவி மூடி வைத்திருந்தீர்கள். கோபத்தில் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அப்படியே கொட்டினேன். ஒரு வாய் போட்டிருந்தால் அப்போதே புரிந்திருக்கும். நீங்கள் சொன்னதுதான் சரி என்று உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பேன். மன்னித்துவிடுங்கள்.

இனி என் கையில் விளையும் எந்தப் பயறும், நான் ஒரு கிண்ணம் சாப்பிடாமல் பண்ணையை விட்டு வெளியே போகாது.

உங்களிடம் வாயாடிய,
உங்கள் மூத்த மருமகள்