தையல் மிஷின் காலும் வேன் ஜாக்கியும்

மார்ச் 4

இன்று மரக்கட்டையோடு என் சட்டை நுனியையும் சேர்த்து ஜாக்கியில் இறுக்கிவிட்டேன். எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திருகும் கம்பியோ எட்டாத பக்கம். ஐம்பத்து நான்கு வயசு ஆள், பின்வராந்தாவில், கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி நிற்கிறேன். வேறு வழியில்லாமல் மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, செதுக்கக் கட்டை கிடைக்கலன்னு நீங்களே மாட்டிக்கிட்டீங்களா? உங்க பொண்ணை மூக்குலருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. அங்கதான் நிறைய இருக்கு."

உள்ளே மகள் சிரித்தாள். நாற்பது நாளில் முதல் சிரிப்பு. சட்டை கிழிந்தால் கிழியட்டும்.

மார்ச் 6

நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று பின்னால் எனக்கே மறந்துவிடும். எழுதி வைக்கிறேன். பழைய தையல் மிஷினின் இரும்புக் கால். மேலே கனமான பலகை. பலகையின் ஒரு முனையில் அசையாத கட்டை. எதிரே, பழைய வேனின் ஜாக்கி, படுத்த நிலையில். நடுவில் மரத்தை வைத்துத் திருகினால் இறுக்கிக்கொள்ளும். தச்சுப் பட்டறையில் இதற்கென்றே ஒழுங்கான கருவி இருக்கிறதாம். பள்ளி வேன் ஓட்டுகிற எனக்குத் தெரிந்தது ஜாக்கிதான்.

மரத்தில் ஜாக்கியின் பல் பதிந்தது. என் செருப்பை அறுத்து, ரப்பரை இரண்டு பக்கமும் ஒட்டினேன்.

மகள் பறவைகள் செதுக்குகிறவள். இடது கட்டைவிரலின் அடியில் உளி பாய்ந்து நரம்பு அறுந்துவிட்டது. தைத்தார்கள். விரல் மடங்கவில்லை. மரத்தைப் பிடிக்க முடியாது. பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும்.

மார்ச் 7

இதுவரை அது நான்தான். பதினோரு வருஷம் அவள் செதுக்க, மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டையை அழுத்திப் பிடித்தவன் நான்.

மார்ச் 9

எழுதிவிடுகிறேன்.

எப்படி வெட்டியது என்று டாக்டர் கேட்டபோது மகள், "மரம் வழுக்கிருச்சு" என்றாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்.

மழைக்காலத்திலிருந்தே கை நடுங்குகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் வெளியே தெரியாது. டீ கிளாஸைக் கீழே வைத்துக் குனிந்து குடித்தால் தெரியாது. அன்றைக்கு அவள் உளியைத் தள்ளின நேரம் பார்த்து என் கை துள்ளியது. கட்டை திரும்பிடுச்சு. தெரிஞ்சுதானே பிடிச்சே? மூணு மாசமா தெரியும்தானே? ஒரு வார்த்தை, "இன்னைக்கு வேண்டாம்மா"ன்னு சொல்ல வாய் இல்லையா?

மார்ச் 13

முதல் சோதனை. மகள் உளியால் நாலு தள்ளு தள்ளினாள். மரம் அசையவில்லை, மொத்தச் சாமானும் நண்டு மாதிரி சுவரைப் பார்த்து நகர்ந்தது. காலடியில் இரண்டு செங்கல் வைத்தேன். செங்கலையும் கூட்டிக்கொண்டு போனது.

"விடுங்கப்பா" என்று உளியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 14

அவள் பின்பக்கம் வரவில்லை.

மார்ச் 15

இன்றும்.

மார்ச் 17

இரும்புக் காலுக்கு அடியில் நீளமாக ஒரு பலகை பூட்டி, அதன் மறுமுனையில் நானே உட்கார்ந்துவிட்டேன். எண்பத்தொரு கிலோ. டாக்டர் குறைக்கச் சொன்னது நல்லவேளை குறையவில்லை.

"உங்கப்பா கடைசியில ஒரு வேலைக்கு ஆகிட்டாரு" என்றாள் மனைவி.

நகரவில்லை. மகள் வலது கையால் தள்ளினாள். இடது கையின் நான்கு விரல் உளிக்கு வழிகாட்டியது. கட்டைவிரல் மட்டும் விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றது. ஒரு மணி நேரம்.

"அசையாதீங்கப்பா."

அசையவில்லைம்மா என்றேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 20

பள்ளி அலுவலகத்தில் வேன் சாவியைக் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு பிள்ளைகள்.

"ஏன்ணே, திடீர்னு?" என்றார் கிளார்க். கையை நீட்டிக் காட்டினேன். அவர் சாவியை டிராயரில் போட்டுப் பூட்டினார். பிறகு, "ஸ்கூல் கேட்ல நிக்க ஆள் வேணும், நாளைக்கு வாங்க" என்றார்.

வீட்டில் கண் சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஆளுக்குக் கையைக் காட்ட முடிந்தது.

மார்ச் 29

சாயங்காலம் பள்ளி கேட் வேலை முடிந்து வந்தபோது கொத்தனார் கிளம்பிக்கொண்டிருந்தார். சிமெண்ட் தரையில் துளை போட்டு, இரும்புக் காலை நான்கு போல்ட்டில் இறுக்கியிருந்தார். மகள்தான் வரச் சொல்லியிருக்கிறாள்.

"நீங்க இனி உட்கார வேண்டாம்பா. பாவம், கால் மரத்துப்போகுது உங்களுக்கு."

பறவை முடிந்திருந்தது. ஒரு சிறகு மற்றதைவிடத் தடிமன். இனி இப்படித்தான் வரும் போல என்று சொல்லி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜாக்கியைத் தட்டிக்கொடுத்தாள், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

"இது பிடிச்சா மரம் வழுக்கவே மாட்டேங்குதுப்பா. அன்னைக்கே இது இருந்திருந்தா..."

ம், என்றேன். பறவையை என்னிடம் நீட்டினாள். கீழே வைம்மா, பார்க்கிறேன் என்றேன்.

அன்றைக்கும் மரம் வழுக்கவில்லைம்மா.