நீ அவிழ்க்கச் சொன்ன கட்டு

என் அன்பு மாப்ள கோவிந்தா,

இந்த வருஷமும் வைகையில் தண்ணீர் இல்லை. ஆரப்பாளையத்துக்கு எதிரே, நாம் ஓடிப் பழகிய அதே மணலில்தான் நம் மில் டீம் பிராக்டீஸ் செய்கிறது. உலகச் சண்டை வந்ததிலிருந்து பந்துக்குள் போடும் ரப்பர் பிளாடர் கிடைப்பது குதிரைக்கொம்பு. சைக்கிள் கடையில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, நேராக உதைத்தாலும் பந்து கோணலாகப் போகிறது.

கோச் யார் தெரியுமா? நான்தான். சிரிக்காதே. யார் பேச்சையும் கேட்காதவன் என்று பேர் வாங்கியவன், பதினோரு பேரை என் பேச்சைக் கேளுங்கள் என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

நீ போய் மூன்று வருஷமாகிவிட்டது. என் தங்கை வள்ளி திடமாக இருக்கிறாள். உன் மகள் பந்தைக் கண்டால் உன்னைப்போலவே இடது காலைத்தான் தூக்குகிறாள். அதைப் பார்க்கத்தான் நீ இல்லை.

நம் டீமின் வழக்கம் இன்னும் மாறவில்லை. கணுக்காலில் சுற்றும் வேட்டித் துணியை யாரும் தானே கட்டிக்கொள்ளக் கூடாது, இன்னொருத்தன்தான் கட்டிவிட வேண்டும். தானே கட்டினால் டீம் தோற்கும் என்பார்கள். ஆறு வருஷம் என் கட்டை நீதான் கட்டினாய். ரத்தம் நின்றுவிடும்போல் இறுக்குவாய். நான் திட்டுவேன், நீ இன்னும் ஒரு இழு இழுப்பாய்.

அந்தக் கடைசி மேட்சுக்கு மட்டும் நான் வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்தேன். முந்தின வாரம் பிசகிய கால் கொழுக்கட்டையாய் வீங்கியிருந்தது. தல்லாகுளத்து மைதானத்தில் என் காலைப் பார்த்ததுமே உனக்கு விளங்கிவிட்டது.

"கட்ட அவுரு மச்சான்" என்றாய். நான் அவிழ்க்கவில்லை. கேப்டன் நீ, என்னை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டாய்.

அப்போது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். எல்லார் முன்னாலும், "எனக்குக் கை தட்டுறது உனக்குப் பொறுக்கல" என்றேன். நீ பதில் பேசவில்லை. ஒரு கோலில் தோற்றோம். ஊரே உன்னைத் திட்டியது; என் கால் வீங்கியிருந்ததை நீ ஒருவரிடமும் சொல்லவில்லை.

வீம்புக்கு அடுத்த வாரமே வேறு டீமுக்கு ஆடப் போனேன். பாதி ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. இருபத்து நாலு வயதில் என் ஆட்டம் முடிந்துபோனது. நீ பார்க்க வந்தாய். நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி என் மனைவியை வாசலுக்கு அனுப்பினேன். கால் முறிந்தவன் எங்கே போயிருப்பான் என்றுகூட நீ கேட்கவில்லையாம். இரண்டு மாதத்தில் உனக்கு விஷக்காய்ச்சல். கம்பை ஊன்றிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவில்லை. நான் பேசியது ஏதாவது உன் காதில் விழுந்ததா?

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அரையிறுதி. நம் முத்துராமன், நூற்புப் பகுதியில் வேலை பார்க்கிறானே, அவன்தான் இப்போது நான் ஆடிய இடத்தில் ஆடுகிறான். கட்டைத் தானே கட்டிக்கொண்டு வந்து நின்றான். அவிழ்க்கச் சொன்னேன். நல்லாத்தான் இருக்கிறது என்றான். நானே குனிந்து அவிழ்த்தேன். அதே வீக்கம், மாப்ள. உட்கார் என்றேன்.

"காலு போனவனுக்கு அடுத்தவன் ஓடுனா வயிறு எரியத்தான் செய்யும்" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. உன் முகம்தான் வந்தது. அன்றைக்கு நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று மூன்று வருஷம் கழித்துப் புரிந்தது. நாங்களும் தோற்றோம்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். ஆள் இல்லை என்று அவன் அம்மா சொன்னார்கள். உள்ளே அவன் இருமியது கேட்டது. திரும்பி நேரே வள்ளியிடம் வந்து, நடந்ததைச் சொன்னேன். மாப்ளயும் ஒரு தடவை என் வாசலில் இப்படித்தானே நின்றுவிட்டுப் போனான் என்றேன்.

"ஒரு தடவையா? காய்ச்சல்ல படுக்குற வரைக்கும் தெனமும் வந்தாக அண்ணே. மில்லு விட்டதும் ஒன் தெருமுக்குல நின்னு, கதவு தொறந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்கே வருவாக" என்றாள் வள்ளி.

நான் சாத்தியே வைத்திருந்தேன், மாப்ள. தினமும்.

ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா நீ? கொடுத்திருந்தால் திறந்திருப்பேனா? தெரியவில்லை. உன்னை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. காலை நீட்டி உன் மடியில் வைத்து, கட்டுடா என்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

முத்துராமன் வீட்டுக்கு நேற்றும் போனேன், திறக்கவில்லை. இன்றைக்கும் போவேன். ஆனால் உன்னைப்போல் தெருமுக்கில் நிற்க மாட்டேன். வாசலில் உட்கார்ந்து, உள்ளே கேட்கும்படி பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அவன் வெளியே வரும்வரை தினமும் கூப்பிடுவேன். கால் சரியானதும் அவன் கட்டை நான்தான் கட்டுவேன், நீ கட்டுகிற மாதிரி இறுக்கி. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கதவைத் திறக்காத உன் மச்சான்,
வேலுச்சாமி