மர ஹெட்போனின் வலப்பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

நான் சொன்னபடியேதான் எல்லாம் நடந்திருக்கிறது. பின்னால் யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்பதற்காகத் தேதி போட்டு எழுதுகிறேன். பெட்டி இரண்டையும் பிரிப்பதற்கு முன்பே, "இதுல ஒண்ணு வேலைக்கு ஆவாது பாப்பா, இப்பவே சொல்றேன்" என்று இளவரசியிடம் சொன்னவன் இந்தச் சுப்பராயலு.

இளவரசி என் அக்கா மகள். சிதம்பரத்தில் மாடி அறை ஒன்றின் சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டி, பிள்ளைகள் செல்போனில் கேட்கிற பாடங்களுக்குக் குரல் கொடுத்துப் பதிவு செய்கிறாள். அதற்குக் காதை முழுக்க மூடுகிற ஹெட்போன்தான் வேண்டும். பின்பக்கம் திறந்ததாக இருந்தால் அதிலிருந்து கசிகிற சத்தத்தை மைக் பிடித்துக்கொள்ளும். மெட்ராஸ் கடைக்காரர் உசத்தியான மூடின ஹெட்போன் இரண்டை அனுப்பி, கேட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஒன்று கறுப்புத் தோல். இன்னொன்றுக்குக் காதுக் கிண்ணம் இரண்டும் மரத்தில் கடைந்தது. ஒவ்வொன்றும் ஒரு பழைய பைக் விலை.

தேர்ந்தெடுக்க அவள் யாரிடம் கொடுத்தாள்? கடலூரில் சவுண்டு சர்வீஸ் வைத்து, ஸ்ரீமுஷ்ணம் தேருக்கு நாலு வீதிக்கும் ஸ்பீக்கர் கட்டி, எந்த வீதியில் எந்த ஸ்பீக்கர் தும்முகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்தபடியே சொன்ன ஆளிடம். வவ்வால் பேசுவதே எனக்குக் கேட்கும். பொய்யில்லை.

நேற்று கறுப்பைக் கேட்டேன். பிரமாதம். இன்று காலை எழுந்ததும் மரத்தைப் போட்டேன். வலப்பக்கம் சத்தமே இல்லை. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கின மாதிரி. சவுண்டுக்காரன் முதலில் என்ன செய்வான்? திருப்பிப் போட்டுப் பார்ப்பான். போட்டேன். கோளாறும் கூடவே இடது காதுக்கு வந்துவிட்டது. ஆகக் கோளாறு ஹெட்போனில். முடிந்தது விஷயம்.

போனில் சொன்னேன். "எனக்கு ரெண்டு பக்கமும் நல்லாதான மாமா கேட்டுச்சு?" என்றாள்.

"ஒனக்கு இருக்கறது காது பாப்பா. எனக்கு இருக்கறது மிஷினு."

மரத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

ஜூன் 4, புதன்

வீட்டில் எங்கேயோ ஹம் அடிக்கிறது. எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயரில் ஊ என்று வருமே, அதே சத்தம். ஃபேனை நிறுத்தினேன். ஃபிரிட்ஜை நிறுத்தினேன். டிவி பிளக்கைப் பிடுங்கினேன். கடைசியில் மெயினையே அணைத்தேன்.

அடுப்படியிலிருந்து புஷ்பவள்ளி வந்தாள். "கிரைண்டர்ல மாவு ஓடறப்ப மெயின நிறுத்தற ஆம்பள இந்தத் தெருவுலயே நீங்க ஒருத்தர்தான்."

"ஹம்மு அடிக்குதுடி."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"ஒனக்கு எப்படிக் கேக்கும்?"

அவள் போய்விட்டாள். கரண்ட் இல்லாத வீட்டில் ஹம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு இன்வர்ட்டராகத்தான் இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

எதிர்வீட்டில் இன்வர்ட்டர் கிடையாதாம். விசாரித்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

இரண்டு ஹெட்போனையும் டி.வி.எஸ்ஸில் கட்டிக்கொண்டு சிதம்பரம் கிளம்பினேன். குடிகாடு தாண்டினேன், கெமிக்கல் நாற்றம் தாண்டினேன். ஆலப்பாக்கம் பக்கம் போகும்போது என் வலது தோளை ஒட்டி ஒரு சுவர் போனது. சுவர் இல்லை. தனியார் பஸ். இடப்பக்கம் எங்கேயோ ஹாரன் மாதிரி ஒன்று கேட்டது; இது பின்னால் வந்ததும் தெரியாது, முந்தினதும் தெரியாது. காற்று அடித்து மண்ணில் இறங்கி நின்றேன். கண்டக்டர் எட்டிப் பார்த்துக் கை ஆட்டித் திட்டிக்கொண்டு போனான். வாய் மட்டும்தான் அசைந்தது.

இளவரசியிடம், "டிரைவர் ஹாரனே அடிக்கல பாப்பா. நானா இருக்கவே வண்டிய ஓரமா ஒடிச்சேன், பஸ்ஸுல அறுவது உசுரு பொழச்சுது" என்றேன்.

இந்த ரோட்டில் ஹாரன் அடிக்காத தனியார் பஸ் உண்டா? அதெல்லாம் காது கிழிய அடித்துக்கொண்டுதான் வரும். எனக்குத் தெரியாதா?

அவள் கறுப்பை எடுத்து நீட்டினாள். "இதையும் இன்னொரு தபா போட்டுப் பாருங்க மாமா."

"கண்ணாடி மறந்துட்டு வந்துட்டேன்."

"கேக்கறதுக்கு இன்னாத்துக்கு மாமா கண்ணாடி?"

சிரித்துச் சமாளித்தேன். அந்த அறையில் கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் ஒரு பொட்டுக்கூட வராது. சாத்தினாள். அந்த ஊ மட்டும் என் தலைக்குள்ளே பெரிதாக, இன்னும் பெரிதாக... எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். "காத்து வரட்டும்" என்றேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு மரந்தான் மாமா புடிச்சிருக்கு. கறுப்புல என் கொரலு யாரோ பேசற மாதிரி இருக்குது. மரத்துல நானே பேசறேன்" என்றாள்.

"கோளாறு புடிச்சதப் போயி புடிச்சிருக்குங்கற. மாமன் சொல்றேன், அனுப்பு."

வலப்பக்கம் கோளாறு என்று எழுதி, மரத்தைக் கூரியரில் போட்டுவிட்டாள். முகம் வாடியிருந்தது. திரும்பும்போது ஓரமாக, ரொம்ப ஓரமாக ஓட்டினேன். ஒவ்வொரு பாலத்திலும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

மேல்பட்டாம்பாக்கம் போனேன். சும்மாதான்.

கண்ணாயிரம் என் பழைய பார்ட்னர். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாங்கள் இரண்டு பேரும் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டி அலற விட்டதில் மீன் கரை ஒதுங்கியது. அவன் நாலு மீன் என்பான். நான் ஒரு கூடை என்பேன். இப்போது அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டது. கல்யாண வீட்டில் யார் என்ன சொன்னாலும் சிரிப்பான். ஒரு துக்க வீட்டிலும் அப்படிச் சிரித்துவிட்டான். அதை ஊர் முழுக்க நடித்துக் காட்டியவன் நான்தான்.

"ஒங்க மச்சான் வந்திருக்காரு!" என்று அவன் பெண்சாதி சவரியம்மாள் காதில் கத்தினாள். காதைத் தொட்டுக் காட்டி, எப்படி ஆரம்பித்தது என்று சைகையில் கேட்டேன்.

தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். "மொதல்ல ஊன்னு வந்துச்சு மச்சான்! ஆம்ப்ளிஃபயருல ஹம்முன்னு நெனச்சேன்! எர்த்து மாத்தினேன், ஒயரு மாத்தினேன், கடசில ஆம்ப்ளிஃபயரையே வித்துப்புட்டேன்! ஹம்மு போவல!" சொல்லிவிட்டுச் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தினான். "எதுக்குக் கேக்கற?"

சும்மா என்று கையை விரித்தேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தான். இடது காதை அவன் பக்கம் திருப்பிக் கோணலாக உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"டாக்டருகிட்ட போ மச்சான்" என்றான். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். "நான் போவல."

சவுண்டு சர்வீஸ் போர்டில் என் பேர் எழுதியிருக்கிறது. வலது பாக்ஸ் ஓடுதா நின்னுடுச்சான்னு தெரியாதவன எவன் கூப்புடுவான்? எல்லாரும் பேசிக்கிட்டிருக்கறப்ப நான் சும்மா சிரிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா? முடியாது. அது மட்டும் என்னால முடியாது.

ஜூன் 9, திங்கள்

போகவில்லை. ஆனி மாதத்துக்கு இரண்டு ஆர்டர் வந்திருக்கிறது. சவுண்டுக்காரன் காது டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான் என்று ஒருத்தன் பார்த்துவிட்டால் போதும்.

ஜூன் 10, செவ்வாய்

இளவரசி போன் செய்தாள். இடது காதில் வைத்துப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

"மெட்ராஸ்ல மூணு பேரு போட்டுக் கேட்டாங்களாம் மாமா. எந்தக் கோளாறும் இல்லன்னு மரத்தத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"கூரியர் வண்டில குலுங்கி ஒயரு ஒட்டிக்கிட்டிருக்கும். எத்தினி பாத்திருக்கேன்."

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. அவள் பேசவில்லையா, எனக்கு இந்தக் காதும் போய்விட்டதா? ஹலோ, ஹலோ என்று கத்தினேன். அப்புறம், "நாளைக்கு வாங்க மாமா. பஸ்ஸுல வாங்க" என்றாள்.

டி.வி.எஸ் வேண்டாம் என்று ஏன் சொன்னாள்?

ஜூன் 11, புதன்

போனேன். நாற்காலியில் உட்காரவைத்து மரத்தை எடுத்து அவளே என் தலையில் மாட்டினாள். எதிரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ அழுத்தினாள். திரையில் பச்சைக் கோடு குதித்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இடது காதிலும் இல்லை. கோடு குதிக்கிறபோது சத்தம் இல்லாமலா இருக்கும்? செத்தேன், இரண்டும் போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தாளம் போட்டேன். தலையை வேறு ஆட்டினேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "எப்டி மாமா இருக்குது?"

"அருமை பாப்பா. ரிப்பேர் ஆயிடுச்சு. அந்தப் பாட்டு இருக்குதே, நெஞ்ச அள்ளுது."

"பாட்டு இல்ல மாமா. தவளையோட ரத்த ஓட்டம். ஏழு நிமிசப் பாடம்."

தாளம் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"வலப்பக்கம் மட்டுந்தான் போட்டேன்" என்றாள். அப்படியானால் இடது காது போகவில்லை. அந்த அவமானத்திலும் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. அவள் கண் நிறைந்துவிட்டது. "எப்பலேர்ந்து மாமா?"

"தவளைக்கு எத்தினி ரத்தக் கொழாயி?" என்று கேட்டேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

கடலூரிலேயே காது டாக்டர். பெண் டாக்டர். புஷ்பவள்ளி ஒரு பக்கம், இளவரசி ஒரு பக்கம். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி.

"எப்பலேர்ந்து கேக்கல?"

"நேத்துலேர்ந்துங்க."

"இல்ல டாக்டர்" என்றாள் இளவரசி. "மூணாந்தேதியே ஹெட்போனுல வலப்பக்கம் வரலன்னு போன் பண்ணாரு."

என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன்.

ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். தலையில் மூடின ஹெட்போன். கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இடது காதுக்குக் கிண் கிண் என்று வந்தது, அழுத்தினேன். அப்புறம் ஒன்றுமே வரவில்லை. ரொம்ப நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்கிற பெண்ணின் கை எதையோ திருகுவது தெரிந்தது. கையைப் பார்த்து அழுத்திவிடலாம். நாலு தடவை அழுத்தினால் காது நல்ல காதாகிவிடும். கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது.

அழுத்தல.

டாக்டர் சொன்னார்: "இது திடீர்னு வர்ற செவிட்டுத்தன்மை. வந்த ஒடனே வந்திருக்கணும். இப்பவும் நேரம் போயிடல. மாத்திரை குடுக்கறேன், காதுக்குள்ள ஊசியும் போடணும். எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

காதுக்குள்ளே ஊசி!

ஜூன் 13, வெள்ளி

ஊசி போட்டார்கள். அசையாமல் சிங்கம் மாதிரி படுத்திருந்தேன். புஷ்பவள்ளி வேறு மாதிரி சொல்வாள். அவள் கையில் என் நகம் பதிந்திருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

மாத்திரை போட்டால் ரொம்பப் பசிக்கிறது. ஹம் அப்படியே இருக்கிறது. கண்ணாயிரம் சொன்னதே நினைவு. நான் போவல, நான் போவல.

ஜூன் 21, சனி

காலையில் வலது பக்கம் ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம். கையால் விரட்டினேன். ஈ இல்லை. புஷ்பவள்ளி. "இட்லி ஆறுது"ன்னு சொல்லிக்கிட்டு நின்னிருக்கா. இன்னொரு தபா சொல்லச் சொன்னேன். இன்னொரு தபா. "பைத்தியமா ஒங்களுக்கு?" என்றாள். அதுவும் கேட்டது.

ஜூலை 3, வியாழன்

கொஞ்சம் திரும்பியிருக்கிறது. முழுசாக இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து ஆள் பேசுகிற அளவு. இதற்கு மேல் வந்தால் லாபம், எதிர்பார்க்காதீங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆர்டர் கொடுத்தவர்களிடம், வலப்பக்கம் பார்க்க ஒரு ஆளோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தர் வேண்டாம் என்றார். இன்னொருத்தர் வா என்றார்.

சிதம்பரம் போனேன். ஆனித் திருமஞ்சனக் கூட்டம் இன்னும் முழுக்கக் கலையவில்லை. இளவரசி இரண்டு ஹெட்போனையும் மேஜை மேல் வைத்திருந்தாள். கடைக்காரர் எனக்காகவே தவணை கொடுத்துக் காத்திருக்கிறாராம். அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

"வலப்பக்கம் எனக்குத் தெரியாது பாப்பா. இடப்பக்கத்த நான் கேட்டுச் சொல்றேன், வலப்பக்கத்த நீ கேளு" என்றேன். இந்த வார்த்தையை ஆலப்பாக்கத்திலிருந்தே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஹெட்போனை அகட்டி, ஒரு கிண்ணம் என் இடது காதிலும் இன்னொன்று அவள் வலது காதிலுமாகப் பிடித்துக்கொண்டோம். முதலில் கறுப்பு. தவளை யாரோ ஒரு டீச்சர் குரலில் வந்தது. அப்புறம் மரம். இளவரசி பேசினாள். என் அக்கா வீட்டு இளவரசி.

"மரந்தான்" என்றேன்.

"மொதல்லயே சொன்னேன்ல மாமா."

கறுப்பைப் பெட்டியில் போட்டு ஒட்டிக்கொண்டே கேட்டாள். "ஆமா, அன்னிக்குத் திருப்பிப் போட்டப்ப கோளாறு எடது காதுக்கு வந்துடுச்சுன்னீங்களே, அது எப்டி மாமா?"

"அது கரண்டு சமாச்சாரம். ஒனக்குப் புரியாது."

விட்டுவிட்டாள். இங்கே எழுதிவிடுகிறேன். மூன்றாம் தேதி காலையில் ஹெட்போனைத் திருப்பிப் போட்டேன், அது நிஜம். கோளாறும் கூடவே இடது காதுக்கு வந்தது என்று எழுதினேனே, அது நானாகச் சேர்த்தது. இடது காதில் எல்லாம் நன்றாகக் கேட்டது. கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது.