கட்டாத வீட்டுக்கு மீன் ரோல்ஸ்

12 பெப்ரவரி 2024, திங்கள்

மூடுபனி. ரயில் எங்கள் ஊர் ஹோர்சன்ஸை விட்டுப் புறப்பட்டதும் யன்னலுக்கு வெளியே உலகமே இல்லை. நல்லதாகப் போயிற்று, ஒன்றும் இல்லாத இடத்தில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். நான் வேலைக்குப் போகும் நகரத்தின் துறைமுகத்தில் பழைய ஐஸ் தொழிற்சாலை இருந்த வெறுங்காணியில் இன்று காலையும் என் வீடுகளைக் கட்டினேன். கதவுகளுக்கு நீலம் அடித்தேன். பிறகு மனம் மாறி மஞ்சள்.

"என் வீடுகள்" என்று எழுதுவதே திமிர்தான். கட்டப்போவது இலாபம் பார்க்காமல் வாடகைக்கு வீடு கட்டும் வீட்டுச் சங்கம். பெரும்பங்கு கடன், ஒரு பங்கு கொமூன், அதாவது நகர நிர்வாகம், தருகிறது, வாடகை ஏறாமல் இருக்க டென்மார்க் அரசாங்கம் கைகொடுக்கிறது. நான் கொமூன் அலுவலகத்தில் இருந்துகொண்டு, எல்லாம் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து நகரசபைக்குப் பரிந்துரை எழுதுபவள். அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு வருடமாக அந்த வரைபடங்களுக்குள்தான் குடியிருக்கிறேன்.

கூட்டத்தில் பிர்கிட்ட சாரங்கி, சாரங்கி என்று இரண்டு தரம் கூப்பிட்டாராம். மேலாளர் கூப்பிட்டும் காதில் விழவில்லை.

19 பெப்ரவரி

கனவில் ஒரு படிக்கட்டு ஏறினேன். வரைபடத்தில் இல்லாத படிக்கட்டு. மேலே யாரோ வெங்காயம் தாளிக்கிற மணம்.

8 மார்ச், வெள்ளி

ஒப்பந்தக்காரர்களின் விலைகள் வந்துவிட்டன. எல்லாமே நினைத்ததைவிடக் கூட. ஒரு சதுர மீற்றருக்கு இவ்வளவுதான் என்று அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் உதவி என்ற பேச்சுக்கே இடமில்லை. கோடை விடுமுறைக்கு முன் நகரசபை ஒப்புக்கொள்ளாவிட்டால் கொமூனின் பங்கு வேறு தேவைக்குப் போய்விடும், காணி தனியாருக்குப் போய்விடும். கடல் பார்த்த மாடிவீடுகள் வரும். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவளும் பஸ் ஓட்டுபவனும் அந்தப் பக்கம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம், குடியிருக்க முடியாது.

சாப்பாடு இறங்கவில்லை. அம்மா என்னவென்று கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த வீடெல்லாம் உன்ர கையிலதான் இருக்கெண்டு சொல்லு" என்றார்.

இல்லை அம்மா என்று சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். கேட்க நன்றாகத்தானே இருந்தது.

21 மார்ச்

நிலக்கீழ் கார் தரிப்பிடம்! மழையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோது வந்தது. துறைமுக மண் முழுக்கத் தண்ணீர், காசெல்லாம் அதை இறைத்து வெளியே ஊற்றத்தான் போகிறது. கார்கள் நிலத்துக்கு மேலே நின்றால் என்ன, சளி பிடித்துவிடுமா? அதை எடுத்துவிட்டால் மொத்த விலை வரம்புக்குள் வருகிறது. ஒரு வீடும் சுருங்கவில்லை. எல்லோரும் சேர்ந்திருக்கும் பொதுக்கூடமும் தப்பிவிட்டது.

சங்கத்தார் சம்மதம். பிர்கிட்ட, "அப்படியே எழுது" என்றார். இன்று நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

எங்கள் சொந்தக்காரர் துவாரகன் வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள். எனக்கு முதல் தேநீர். சோபாவின் நடுவில் இடம். வழக்கமாக என்னிடம் "எப்ப கலியாணம்" என்று மட்டும் கேட்பவர்கள், இன்று "வேலையெல்லாம் எப்படி" என்று பணிவாகக் கேட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் ஒருவழியாக மரியாதை வந்துவிட்டதாக்கும்.

அம்மா இப்போதெல்லாம் கிளோறியா அன்ரியோடு தொலைபேசியில் கதைக்கும்போது, நான் வந்தால் குரலைத் தாழ்த்துகிறார். அன்ரி நாங்கள் முன்பு இருந்த ஊரான ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிறார். இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் இருபது வருடம் வேலை செய்தவர்கள். போன மாரியில் அன்ரியின் கணவர் இறந்துபோனார். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில், இரண்டு முழங்கால்களும் போன நிலையில், தனியே இருக்கிறார். அதில் இரகசியம் என்ன இருக்கிறது?

23 ஏப்ரல், செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

பகல் பதினொரு மணியளவில் வரவேற்பிலிருந்து அழைத்தார்கள். உனக்கு ஒரு விருந்தாளி என்று. கீழே போனால் கிளோறியா அன்ரி. நல்ல சேலை, மேலே குளிர்ச்சட்டை, மடியில் ஒரு பெரிய தட்டு மீன் ரோல்ஸ். வரவேற்பில் இருந்த பெண் ஏற்கெனவே ஒன்றைச் சாப்பிட்டு விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிர்கிட்டவும் அங்கே நின்றார்.

அன்ரி அழகான டேனிஷில் பிர்கிட்டவுக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டிருந்தார். துறைமுகத்தில் சாரங்கி கட்டும் வீடுகளில் ஒன்று தனக்கு. கீழ்த்தளம். அவளின் அம்மா மனோரஞ்சிதம் வாக்குத் தந்துவிட்டாள்.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வெறுங்கையோட வரக்கூடாதெல்லே பிள்ளை" என்றார்.

எங்கள் ஊர் வழக்கத்தில் அது மரியாதை. கொமூன் வாசலில் அதற்கு வேறு பெயர்.

அன்ரியை ரயிலேற்றிவிட்டு வந்தேன். வீடு கொடுப்பது நானில்லை, சங்கத்தின் காத்திருப்போர் பட்டியலில் உள்ள வரிசைப்படிதான் கிடைக்கும் என்று ரயில் மேடையில் நின்று சொன்னேன். அவர் தட்டைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். திரும்பி வந்தபோது பிர்கிட்ட அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என்னை நம்புகிறாராம். நூறு வீதம். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர் நம்ப வேண்டுமே. அந்த வேலை இனி என் சக ஊழியன் மாஸிடம். பரிந்துரையில் என் பெயர் இருக்காது. முடிவு வரும்வரை அதைப் பற்றி மாஸிடம் ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது.

அவர் சொன்னது சரி. சரியென்று தெரிந்துகொண்டுதான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

24 ஏப்ரல்

அம்மாவிடம் கத்தினேன். ஏன் சொன்னனீங்கள்? ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்? ரெண்டு வருசம் அம்மா, ரெண்டு வருசம் — உங்கட வாயால எல்லாம் போச்சு.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நின்றார். "நான் பெருமையிலதானே பிள்ளை சொன்னனான்" என்றார்.

7 மே

காப்பி இயந்திரத்தடியில் மாஸ். நல்ல மனுசன், ஆனால் அவனுக்கு மிகவும் பிடித்த சொல் "ஒத்திவைப்போம்". கார் தரிப்பிடத்தை எடுத்தால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்களோ, அடுத்த வருடம் பார்த்தால் என்ன என்று கேட்டான். அடுத்த வருடம் காணியே இருக்காது, மாஸ். பதில் நாக்கு நுனியில் நின்றது. ஒரே ஒரு வசனம் போதும்.

"என்னால் இதைப் பற்றிக் கதைக்க முடியாது" என்றேன். அவன் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டான். நான் வெறுங்கோப்பையோடு இருக்கைக்குத் திரும்பியிருக்கிறேன்.

வீட்டில் தொலைபேசி அடிப்பதில்லை. அம்மா யாரோடும் கதைப்பதில்லை.

15 மே

நானில்லாமலே அந்த வீடுகள் கனவில் வந்தன. எல்லா அறையிலும் வெளிச்சம். கதவைத் தட்டினேன். உள்ளே இருந்தவர்கள் நல்லவர்கள், ஆனால் என்னைத் தெரியவில்லை.

23 மே, வியாழன்

நேற்று மாலை நகரசபை கூடியது. காலையில் ரயில் மஞ்சள் வயல்களுக்குள்ளால் போனது, என் மனதில் எந்த மஞ்சளும் ஏறவில்லை. அலுவலகத்தில் மாஸ் என் மேசையடிக்கு வந்து, "இனிக் கதைக்கலாம்" என்றான்.

நிறைவேறிவிட்டது. கார் தரிப்பிடம் இல்லை, வீடுகள் முழுதாக, பொதுக்கூடமும் இருக்கிறது. ஒத்திவைக்கத்தான் நினைத்தானாம். என் கணக்கை ஒவ்வொரு வரியாகப் பிழை பிடிக்கப் பார்த்தானாம், கிடைக்கவில்லையாம்.

சந்தோசம். ஓம், சந்தோசம்தான். ஆனால் தன் கலியாணத்தைத் தெருவில் நின்று பார்த்தவள் மாதிரி ஒரு சந்தோசம்.

அம்மாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கும்பிட்டார். யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை.

30 ஜனவரி 2025

வீடுகளுக்குக் கூரைமரம் ஏற்றியதற்கு, இந்த நாட்டு வழக்கப்படி, அங்கே இன்று விருந்து, சொசேஜும் பியரும். மாஸ் கூப்பிட்டான். தலைவலி என்று சொன்னேன். தலை நன்றாகத்தான் இருந்தது.

13 செப்ரெம்பர் 2025, சனி

புது வீடுகளை ஊருக்குத் திறந்து காட்டினார்கள். அம்மாவையும் கூட்டிப்போனேன். கிளோறியா அன்ரி வரவில்லை. அவர் பட்டியலில் தூரத்தில் நிற்கிறார். அம்மாவும் அவரும் மறுபடி கதைக்கிறார்கள்தான், முழங்கால் பற்றி மட்டும். ஒன்றரை வருடமாக என் வேலையைப் பற்றி அம்மா ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "ஒரு ஒஃபீஸில" என்பார்.

சங்கத்துப் பெடியன் ஒருவன் எங்களுக்குச் சுற்றிக் காட்டினான். கீழே கார் தரிப்பிடம் கட்டும் திட்டம் இருந்ததாம், கொமூனில் யாருக்கோ புத்தி வந்து அதை நிறுத்தினார்களாம். அம்மா என்னைப் பார்த்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, சுவரைத் தடவினார். நிலத்தைக் காலால் அழுத்திப் பார்த்தார். கோயிலுக்குள் நடப்பதுபோல மெதுவாக நடந்தார்.

நான் அன்று கத்தியது அப்படியே இவருக்குள் கிடக்கிறது.

வெளியே வந்தபோது கடைசி வீட்டு வாசலில் ஓர் இளம்பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா நின்றுவிட்டார். என் கையைப் பிடித்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"இப்ப சொல்லலாமோ பிள்ளை?"

"ஓம் அம்மா. சொல்லுங்கோ."

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு அவளிடம் போனார். காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீண்ட நேரம் கதைத்தார். பிறகு அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு அசைத்தாள்.

நானும் கையசைத்தேன்.