மூன்றாவது பெடல்

திருப்புலி நாடு, கொல்லிமலை
14-6-2004

பிரியமுள்ள நாகலட்சுமிக்கு,

மலை ஏறிவிட்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவையும் நானே, என் கையால் ஓட்டி ஏறிவிட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இதற்குக் கீழே வரப்போகிற எதுவும் எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் இல்லை.

கார் நின்றுவிட்டது.

மேலே வந்ததும், மிளகுத் தோட்டக்காரர் காளியண்ணன் ஊட்டுப் பக்கம் நாலு பேர் நின்றிருந்தார்கள். பார்க்கட்டுமே என்று ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருக்கிற கியர் தகட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். டொக். நியூட்ரல். மறுபடி சொடுக்கினேன். நியூட்ரல்தான். இஞ்சின் புலி மாதிரி உறுமுகிறது, வண்டி எருமை மாதிரி நிற்கிறது. கடைசியில் காளியண்ணன் தன் மாடுகளைக் கட்டி இழுத்து மிளகுக் கொட்டகைக்குள் விட்டார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்து மாட்டு வேகத்தில் போனவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"ஏனுங்க, இதுல கிளட்ச்சே காணமுங்களே?" என்று குனிந்து பார்த்தார்.

"கெடையாதுங்க. அதுக்காகத்தானே வாங்குனேன்."

"அப்ப இதுக்கும் இடது கால் செரியில்லைன்னு சொல்லுங்க" என்கிறார் மனிதர், சிரிக்காமல்.

பஸ்ஸில் இறங்கி வரலாமே என்று நீ கேட்பாய். எப்படி வருவது? சம்பந்தி வீட்டார் முன்னால் நீ, "அந்தக் காலை வெச்சுக்கிட்டு தெருமுக்கு வரைக்கும்கூட ஓட்ட முடியாது" என்றாய். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். "கொல்லிமலை ஏறி எறங்கி, இந்தக் காரை நானே ஓட்டிட்டு வந்துதான் இந்த வாசல்ல கால் வைப்பேன்" என்று சத்தியம். கற்பூரம் அடித்ததை மீறிய குடும்பம் விளங்கினதாக நம் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மழையில் டெலிபோன் கம்பி அறுந்து கிடக்கிறது. ஆகவே கண்டக்டர் சின்னுசாமி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ரெண்டு வேட்டியும் முழங்கால் தைலமும் கொடுத்துவிடு.

மலைமேல் மாட்டிக்கொண்ட
அர்த்தனாரி


சேந்தமங்கலம்
17-6-2004

ஏனுங்க,

வேட்டியும் தைலமும் வரும். உங்கள் கடிதம் வந்து சேர்வதற்கு முன்பே கார் நின்ற சேதி சந்தைக்கு வந்துவிட்டது. மாட்டின் நிறம்வரை சொன்னார்கள்.

நீங்கள் கற்பூரம் அடித்ததை எழுதியிருக்கிறீர்கள். தட்டில் இன்னொரு வில்லை எரிந்ததையும், அதை யார் அடித்தது என்பதையும் விட்டுவிட்டீர்கள். "இனிமே உங்களைப் பக்கத்துல உக்காரவெச்சு ஸ்டீரிங் தொடமாட்டேன்" என்று நானும்தான் அடித்தேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் லாரியில் பைப் சரிந்து உங்கள் முழங்கால் மடங்காமல் போன வருஷம் நான் நாமக்கல் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஊரே சிரித்தது. அந்த மாஸ்டர் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நான் தடுமாறும்போதெல்லாம் சத்தமில்லாமல் அவர் அமுக்கிக் காப்பாற்றுவார். அப்புறம் அதே இடது பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தீர்கள். "அந்த லாரியை முந்து, இவனுக்கு வழி விடாதே" என்று வாயாலேயே ஓட்டினீர்கள். ஆஸ்பத்திரி, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் நான்தான் டிரைவர். உனக்கு எங்கே போகணும் என்று ஒருநாள் கேட்டீர்களா? கேட்காமலே லாரிப் பங்கை விற்று, ரெண்டே சீட் உள்ள காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினீர்கள்.

காலைச் சொன்னது தப்புதான். கோபம் உங்கள் கால்மேல் இல்லை.

தண்ணியைக் காய்ச்சிக் குடியுங்கள்.

நாகலட்சுமி


திருப்புலி நாடு
11-7-2004

நாகு,

நாமக்கல்லில் லாரி கியர் பெட்டி வேலை செய்கிற பழனிமுத்து வந்திருந்தார். காருக்கு அடியில் போய்ப் படுத்தவரிடமிருந்து வெகுநேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து காளியண்ணன் சம்சாரம் அத்தாயி தலையணை எடுக்கப் போய்விட்டாள்.

"அண்ணா, உள்ள இருக்கறது சாதா கியர் பெட்டிதானுங்க. நம்ம கால் செய்யற வேலைய ஒரு எண்ணெய்ப் பம்பு செய்யுது. அது செத்துப்போச்சு."

"வேற பம்பு?"

"சீமையிலிருந்து வரோணும். வந்தாலும் நம்ம வளைவுக்குத் தாங்குமான்னு தெரியலீங்க. எறங்கறப்ப பாதில நியூட்ரல்ல உழுந்துச்சுன்னா, பஸ்ஸுக்கு முன்னாலயே சேந்தமங்கலம் போயிருவீங்க. ரோட்டு வழியா இல்ல."

பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு கிளட்ச் பெடலும் நடுவில் ஒரு கியர் கம்பியும் வைத்து சாதா வண்டியாக மாற்றித் தருகிறாராம். "அப்புறம் ஆயுசுக்கும் நிக்காதுங்க" என்றார். சொல்லிவிட்டு என் இடது காலைப் பார்த்தார். உடனே கூரையைப் பார்த்தார்.

புரிகிறதா? மாற்றினால் கார் இறங்கும், நான் ஓட்ட முடியாது. மாற்றாவிட்டால் நான் ஓட்டலாம், கார் இறங்காது. லாரியில் ஏற்றி இறக்கினால் கற்பூரம் என்னைச் சும்மா விடாது.

கார் நன்றாக இருக்கிறது. பானட்டில் அத்தாயி மிளகு காயப்போடுகிறாள். டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. கதவைத் திறந்தால் சம்பந்தி மாதிரி என்னை முறைக்கிறது.

கேலி இருக்கட்டும். அன்றைக்கு ஏறும்போது ஒவ்வொரு வளைவும் நான் நினைத்த பக்கம் திரும்பியது. கால் போனதற்கப்புறம் எதுவும் அப்படித் திரும்பினதில்லை, நாகு. அதைப் பிடுங்கிப் போடு என்று என் வாயால் எப்படிச் சொல்வது? நீ சொல்லு. மாற்றவா, வேண்டாமா?

அர்த்தனாரி


சேந்தமங்கலம்
16-7-2004

ஏனுங்க,

என்னைக் கேட்டீர்களே, அதற்கே சந்தோஷம். வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

பதில் மட்டும் சொல்ல மாட்டேன். மாற்றுங்கள் என்றால் மறுபடி காலைக் குத்திக் காட்டினாள் என்பீர்கள். வேண்டாம் என்றால் மலையிலேயே கிட என்கிறாள் என்பீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளம்.

நேற்று நம் வேனை எடுத்துக்கொண்டு தனியாக நாமக்கல் போனேன். இடது சீட்டில் அரிசி மூட்டை. கை பழக்கத்தில் அதற்கு பெல்ட் மாட்டிவிட்டேன். மூட்டை என்னை ஒன்றும் சொல்லவில்லை, யாரையும் முந்தச் சொல்லவில்லை. அப்படியே ராசிபுரம் போய் எங்கள் சின்னம்மாவைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். தனியாகப் போகவும் தெரியவில்லை. சேர்ந்து போகவும் சத்தியம் விடவில்லை. நானும் இங்கே ஒரு கொட்டகையில்தான் நிற்கிறேன்.

நாகலட்சுமி


திருப்புலி நாடு
6-8-2004

நாகு,

ஆடிப்பெருக்குக்கு மலை முழுக்கக் கூட்டம். அருவியைப் பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர் காரைப் பார்க்க வந்துவிட்டார்கள். படம் எடுத்த ஒரு பெண், "தாத்தா, கொஞ்சம் நகருங்க, கார் மறைக்குது" என்றாள். நகர்ந்தேன். இந்த மலையில் இப்போதைக்கு நகர்கிற ஒரே பாகம் நான்தான்.

கோழி குஞ்சு பொரித்துவிட்டது. குடும்பத்தோடு இடது சீட்டுக்குக் குடிபோய்விட்டது.

சாயங்கால பஸ் கிளம்பும்போது கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்குகிறது. சத்தம் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு வளைவுக்கு அப்புறம் காதை எவ்வளவு தீட்டினாலும் கேட்பதில்லை. அந்த வளைவுக்குக் கீழேதான் நம் வீடு.

கியரை மாற்றச் சொல்லிப் பழனிமுத்துவுக்குச் சேதி அனுப்பிவிட்டேன். அவரே ஓட்டிக்கொண்டு போய் யாருக்காவது விற்றுவிடட்டும். காளியண்ணன் தன் ஊட்டுக்குப் பின்னால் ஒரு அறை தருகிறார். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். சத்தியம் உடைந்து உனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆவதைவிட இது மேல். உனக்கும் இனி ஆளைச் சுமக்கிற டிரைவர் வேலை இல்லை.

இந்தக் கடிதத்தை முடிக்க ஒரு ஜோக் தேடினேன். கிடைக்கவில்லை.

அர்த்தனாரி


சேந்தமங்கலம்
9-8-2004

ஏனுங்க,

அறையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். காளியண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

கடிதம் கிடைத்த கையோடு வேனை எடுத்துக்கொண்டு பழனிமுத்துவைப் போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை பாதியில் திரும்பவில்லை. கியரை மாற்றுங்கள், ஆனால் கிளட்ச் பெடலை ஸ்டீரிங் பக்கம் வைக்காதீர்கள், இடது சீட்டின் காலடியில் வையுங்கள் என்றேன்.

"அக்கா, டிரைவிங் ஸ்கூல் வண்டில ரெண்டு பக்கமும் இருக்குமுங்க."

"எங்களுக்கு ஒரு பக்கம் போதுமுங்க."

முதலில் சிரித்தார். அப்புறம் சாக்பீஸால் தரையில் என்னவோ வரைந்தார். பெடல் எட்டுகிறதா என்று பார்க்க என் செருப்பில் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஒற்றைச் செருப்போடு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். சேதி சந்தைக்குப் போயிருக்கும்.

ஸ்டீரிங், பிரேக், ஆக்சிலரேட்டர், கியர் கம்பி எல்லாம் உங்களுடையது. நீங்களேதான் ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள். உங்கள் கற்பூரம் கெடவில்லை. நான் ஸ்டீரிங்கைத் தொடப் போவதில்லை, என்னுடையதும் கெடவில்லை. சம்பந்தி ஏதாவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. அதற்கப்புறம் அந்தக் காரை நீங்கள் தனியாகக் கிளப்ப முடியாது. நானும் முடியாது. கோபித்துக்கொண்டு ஒருத்தர் மட்டும் எடுத்துக்கொண்டு போக வழியே கிடையாது. சண்டை போட்டாலும் அதற்குள்ளேயே உட்கார்ந்துதான் போடவேண்டும். சம்மதமா என்று நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். நான் யோசித்துவிட்டேன்.

பழனிமுத்து அடுத்த திங்கட்கிழமை சாமானோடு மேலே வருகிறார். அவர் வேலை முடிந்த மறுநாள் காலை பஸ்ஸில் நான் வருவேன். கோழிக் குடும்பத்தை இறக்கிவிடுங்கள், இடது சீட் எனக்கு வேணும். முதலில் கொட்டகைக்கு முன்னால் இருக்கிற சமதளத்தில் பழகுவோம். வாசலில் வந்து இறங்கிக் காபி குடித்ததும் ராசிபுரம் போகிறோம்.

கியர் போடும்போது "கிளட்ச்" என்று நீங்கள் கேட்கவேண்டும். வாய்விட்டு, எனக்குக் காதில் விழுகிற மாதிரி. மனசுக்குள் வைத்துக்கொண்டு இவளுக்குத் தெரியாதா என்று இருந்தீர்களானால் என் கால் அசையாது. மொத்தம் எழுபது வளைவு இருக்கிறது. கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

நாகலட்சுமி