உங்கள் செம்புக் காப்பும் என் நகப்பாலீஷும்

என் அன்பு அண்ணாவுக்கு,

அன்பு என்று எழுதிவிட்டேன். இனி திட்டப்போகிறேன், தயாராக இருங்கள். நம் ஊரில் திட்டுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும். எத்தனையோ முறை அந்த 'ங்க'தான் உங்களை என்னிடமிருந்து காப்பாற்றியிருக்கிறது. இன்றைக்குக் காப்பாற்றாது.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வீட்டுக்குள் நீங்கள் ஒன்றை மறைக்க, நான் ஒன்றை மறைக்க, அண்ணி இரண்டையும் மறைக்க, கடைசியில் உங்களை ஆத்துப்பாலத்து மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இனி எதையும் மறைப்பதாக இல்லை.

முதலில் ஊர்ச் சேதி. கணபதியில் உங்கள் மோட்டார் வைண்டிங் கடையைப் பூட்டவில்லை. உங்களோடு வேலை பார்த்த ரங்கசாமி எடுத்து நடத்துகிறார். இந்த வருசமும் கரண்ட் ஏறி இறங்கி, தோட்டத்து மோட்டாரெல்லாம் எரிந்து, கடை வாசலில் வரிசையாகக் கிடக்கின்றன. கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அண்ணிக்குத்தான் உடம்பு சரியில்லை.

அந்தக் காப்பு விசயத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து மோட்டார் கொண்டுவந்த பாக்கு மண்டிக்காரர் ஒருவர், "செம்புல ஒரு காப்புப் போடுங்க, பிரஷரெல்லாம் பச்சையா இறங்கிப்போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே நீங்கள் மோட்டாருக்குச் சுற்றுகிற தடித்த செம்புக் கம்பி மூன்றை எடுத்து, மேல்பூச்சைச் சுரண்டி, முறுக்கி, முனைகளை அரம் வைத்து ராவி, கையில் மாட்டிக்கொண்டீர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாளில் மணிக்கட்டைச் சுற்றிப் பச்சை வளையம் விழுந்தது. சட்டைக் கையெல்லாம் கறை. அண்ணி வெளுத்து வெளுத்து அலுத்துப்போனார். தோல் சிவந்து அரிப்பெடுத்தபோதும் நீங்கள் கழற்றவில்லை. கல்லூரியில் வேதியியல் லேபில் குடுவை கழுவுகிற எனக்கே தெரியும், வியர்வை பட்டால் செம்பு பச்சை கக்கும், அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று. அதைச் சொன்னதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"அம்மணி, நீ லேப்புல இருக்கற, செரி. இது ஒடம்புச் சமாச்சாரம். பச்சை வந்தாத்தான் காப்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். தேச்சுக் கழுவிப்போட்டா அப்புறம் எப்படித் தெரியும்?"

செம்புக் கம்பியோடு இருபது வருடம் புழங்கிய மனிதர் பேசுகிற பேச்சா இது? பூச்சு இருக்கிற கம்பி பச்சை பிடிக்காது, சுரண்டிய இடம்தான் பிடிக்கும் என்று எத்தனை வாடிக்கையாளரிடம் நீங்களே விளக்கியிருக்கிறீர்கள்? அதே செம்பு உங்கள் கையில் ஏறியதும் வைத்தியராகிவிட்டதா?

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மட்டும் அதைக் கழற்றி ஜன்னல் மேல் வைப்பீர்கள். அப்படி ஒரு சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்திருந்த நான் அதை எடுத்தேன். உங்களிடம் கேட்கவில்லை. அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

செம்பைச் சுத்தம் செய்வதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் புளி, கொஞ்சம் கல்லுப்பு, அவ்வளவுதான். முறுக்கின் இடுக்கில் இருந்த அழுக்குக்குப் பழைய பல் தேய்க்கிற பிரஷ். ஆனால் புளியை ஊறவிட்டு மறந்துவிடக் கூடாது. நல்ல தண்ணீரில் நாலு தரம் அலசி, ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டே நாளில் முன்னைவிடக் கறுத்துவிடும். உங்கள் பழைய வேட்டிக் கிழிசலில் துடைத்து, வெயிலில் காயவைத்தேன். புதுக் காப்பு மாதிரி செக்கச்செவேல் என்று மின்னியது. அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

என் பையில் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய நகப்பாலீஷ் இருந்தது. நிறமில்லாதது. காப்பின் உள்பக்கம் முழுக்க அதை இரண்டு தடவை பூசினேன். தோலில் செம்பு படாது, அரிப்பு நிற்கும், சட்டையும் தப்பிக்கும் என்று நினைத்தேன். யோசனை வந்ததே உங்கள் பூச்சுக் கம்பியைப் பார்த்துத்தான். நீங்கள் குளித்துவிட்டு வந்து காப்பை எடுத்தீர்கள். வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "அட, பளபளன்னு ஆக்கிப்போட்டயே!" என்று சிரித்து மாட்டிக்கொண்டீர்கள். பளபளப்பைத்தான் ரசிக்கிறீர்கள் என்று நானும் நம்பினேன்.

அதன்பிறகு பச்சை வரவில்லை. எப்படி வரும்? ஆனால் நீங்கள் கடைக்கு வருகிற ஆள் ஒருவர் விடாமல் மணிக்கட்டை நீட்டிக் காட்டினீர்கள். "பாருங்க, பச்சை நின்னுபோச்சு. இருந்ததெல்லாம் இறங்கிப்போச்சுங்க. ரத்தம் சுத்தமாயிருச்சு." ஒரு மாதம் கழித்து அண்ணி என்னிடம் சொன்னார், நீங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள் என்று. அன்றைக்கே கடைக்கு வந்தேன். வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டிக் காட்டினீர்கள். பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் உங்களைச் சிறுமைப்படுத்த வேண்டாம், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றே போனது.

ஆவணியில் ஒரு புதன்கிழமை, பாதி சுற்றிய மோட்டாரின் மேலேயே சாய்ந்தீர்கள். பிரஷர் ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?" என்று கேட்டார். அண்ணி தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். நர்ஸ் காப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது அது இருந்த இடத்தில் தோல் சுத்தமாக இருந்தது. காப்பை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து உங்கள் வருசத் திதி வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? அண்ணனைக் கொன்றவள் நான்தான் என்று தினமும் சொல்லிக்கொண்டேன். லேபில் வேலை செய்யும்போது சொன்னேன். டவுன்பஸ்ஸில் நின்றுகொண்டு சொன்னேன். உங்கள் படத்துக்குப் பூப் போட எனக்குக் கை வரவில்லை. எல்லோரும், "அண்ணன்மேல அத்தனை பாசம்" என்றார்கள்.

போன வாரம் ரேசன் கடை வரிசையில் அண்ணி மயங்கி விழுந்தார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணிக்கும் பிரஷர். போன தை மாதமே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அண்ணி யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால் ஒரு அட்டைகூடப் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்புகிறேன், அண்ணி முந்தானையை இழுத்துக் கையை மறைக்கிறார். வளையலெல்லாம் கழற்றிய அந்தக் கையில் உங்கள் காப்பு.

அண்ணியும் அதை நம்பிவிட்டார், பச்சை வரவில்லை அதனால் நோய் இல்லை என்று இவரும் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அண்ணி, அதைக் கழட்டுங்க. அதுல பச்சை வராதுங்க. உள்ளே நகப்பாலீஷ் பூசுனது நானுங்க. நான் பூசுனதாலதான் அண்ணன் மாத்திரையை விட்டாருங்க."

கோபப்படுவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன்.

"தெரியும் கண்ணு" என்றார்.

"என்னங்க தெரியும்?"

"அவருக்கே தெரியும். நீ பூசுன அன்னிக்கே நகத்துல கீறிப் பாத்துப்போட்டாரு. வைண்டிங் போடற மனுசனுக்குப் பூச்சு எதுன்னு தெரியாதா? 'அம்மணி திருட்டுத்தனமாப் பூசி வெச்சிருக்குது, கேட்டா சங்கடப்படும், விடு'ன்னு சிரிச்சாரு. மாத்திரை போட்டா அவருக்குத் தலை கிறுகிறுங்குதாம், கம்பி சுத்தறப்ப எண்ணிக்கை தவறுதாம். எப்படா விடலாம்னு இருந்தாரு. 'இனி யாரும் கேக்கமாட்டாங்க, கையைக் காட்டிப்போட்டாப் போதும்'ன்னாரு."

அண்ணா, நீங்கள் தெரிந்தே செய்தீர்களா?

என் வாயை அடைக்க என் பாலீஷையே எடுத்துக்கொண்டீர்களா? கடைக்கு ஓடி வந்தேனே, கையை நீட்டினீர்களே, அப்போது உள்ளுக்குள் சிரித்தீர்களா? தலை கிறுகிறுக்கிறது என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார். எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பார்க்காமல் சரி செய்ய முடியாது என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தது. உங்கள் உடம்பைக் காட்ட மட்டும் என்ன வெட்கம்? நான் ஒரு வருடம் கொலைகாரியாக வாழ்ந்தேன். நான் சங்கடப்படக் கூடாது என்று நினைத்தீர்களாம்! இதைவிடப் பெரிய சங்கடம் எனக்கு என்ன இருக்கிறது?

இதைக் கேட்டதும் பாரம் இறங்கியது என்று நினைக்காதீர்கள். அன்றைக்குக் கடையிலேயே நான் வாயைத் திறந்திருந்தால் உங்கள் சாக்குப் போக்கு அங்கேயே உடைந்திருக்கும். என் பங்கு என்னோடுதான் இருக்கிறது. உங்கள் பங்கை நான் சுமக்கமாட்டேன், அவ்வளவுதான்.

அண்ணியையும் விடவில்லை. "தெரிஞ்சும் நீங்க ஏனுங்க சொல்லல?" என்று கத்தினேன்.

"அவரு சிரிச்சா நானுஞ் சிரிப்பேன். அப்படியே பழகிப்போச்சு."

"இப்ப நீங்க ஏன் மாத்திரை போடறதில்லீங்க?"

"அவரு போடாததை நான் போட்டு என்னத்தக் கண்ணு வாழ்ந்து பாக்கறது?"

என்னால் அழ முடியவில்லை. கோபம்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று சொன்னேன்: "எங்கண்ணன் செஞ்சது பாசமில்லீங்க, சோம்பேறித்தனம். அதையெல்லாம் நீங்க விரதமாட்டம் புடிக்க வேண்டாம். காப்பைப் போட்டுக்கங்க, நான் கேக்கமாட்டேன். மாத்திரையைப் போட்டே ஆகோணும்." தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாங்கவில்லை. நான் உட்காரவும் இல்லை. லேபுக்குப் போகிற பஸ் போயிற்று, அடுத்த பஸ்ஸும் போயிற்று. கடைசியில், "கையி வலிக்கப்போவுது, கொண்டா" என்று வாங்கி விழுங்கினார்.

இன்றைக்கு ஏழாவது நாள். தினமும் காலையில் கணபதியில் பஸ் இறங்கி, உங்கள் வீட்டுக்குப் போய், அண்ணி மாத்திரை விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து நேற்று ஏமாற்றப் பார்த்தார். "வாயைத் திறங்க" என்றேன். திறந்தார். திட்டிக்கொண்டேதான் விழுங்கினார், உங்களையல்ல, என்னை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், உயிரோடு இருந்து திட்டட்டும்.

இதுதான் என் வாக்கு, அண்ணா. உங்களிடம் மரியாதை பார்த்து வாயை மூடிக்கொண்டேன், அதனால் உங்களை இழந்தேன். அண்ணியிடம் மரியாதை பார்க்கமாட்டேன். அவரை உங்களிடம் அனுப்பமாட்டேன். நீங்கள் அங்கே தனியாகவே இருங்கள்.

நீங்கள் கையை நீட்டிய அன்று அதைத் தட்டிவிடாமல் திரும்பி வந்த,
உங்கள் உடன்பிறந்த தங்கை
சரசு