எனக்காக நீ குடித்த கோப்பைகள்

தைச்சுங்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி மாவ்-ஷியுங்குக்கு,

ஹுவாலியனில் நீயும் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். என் மகள் யி-ஜுனின் கல்யாண வேலைகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. தொலைபேசியில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெண்ணின் அப்பா விருந்தினரோடு குடிக்கும் வழக்கப்படி, விருந்தில் மேசை மேசையாகச் சென்று எனக்குப் பதிலாக நீ குடிக்க வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். அந்த வேண்டுகோளைத் திரும்பப் பெறுகிறேன்.

காரணம் இது. என் வயிற்று உபாதைக்காகப் போயிருந்தபோது, குடித்தால் முகம் சிவக்குமா என்று டாக்டரம்மா கோ கேட்டார். சிவக்கும், தம்பிக்கும் அப்படித்தான், ஆனால் அவன் குடித்துப் பழகிவிட்டான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சாராயம் உடலுக்குள் முதலில் ஒரு நஞ்சாக மாறுகிறதாம். அந்த நஞ்சை, வினிகரில் உள்ளது போன்ற தீங்கற்ற அமிலமாக மாற்றுவது ஒரு நொதியின் வேலை. நம் இருவருக்கும் அது பழுதாகத்தான் இருக்கும் என்றார். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து நல்லது வந்திருந்தால் பாதி வேலையாவது நடக்குமே என்று வாதிட்டேன். "வக்கீல் சார், இது பாகப்பிரிவினை இல்ல. நாலு துண்டு ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டாத்தான் இந்த நொதி. அதுல ஒண்ணு கோணினா பக்கத்துல இருக்கறதையும் கோணவச்சுடும்" என்றார். பழகியவருக்குச் சிவப்பு குறையலாம், நஞ்சு குறைவதில்லை. அது அதிகம் கெடுப்பது உணவுக்குழாயை.

நிச்சயதார்த்த விருந்தில் சம்பந்தி லியாவ், "உங்க தம்பி முகத்தப் பாருங்க, ரத்தம் என்னமா ஓடுது. இவருக்கு எவ்வளவு ஊத்தினாலும் தாங்குவார்" என்றபோது நானும் சிரித்தேன். அறியாமல் செய்தேன் என்று வாதிட எனக்கு வழியில்லை. சோற்றை நீ தண்ணீர் குடித்து விழுங்கியதைப் பார்த்தேன். "ஒண்ணுமில்லண்ணே, கொஞ்சம் அடைக்குது" என்று நீ சொன்னதைக் கேட்டேன். அதன் பிறகும் அடுத்த கோப்பையை உன்னிடம் நீட்டினேன்.

கல்யாணத்தன்று நானே தேநீருடன் எழுந்து நிற்பேன் என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன். "டீயா? மாப்பிள்ளை வீட்டுக்கு இதுதான் உங்க மரியாதையா?" என்றார். ஆம் என்றேன். உன் அண்ணி அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

குழாய் விட்டு உன் உணவுக்குழாயைப் பார்க்க, டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை காலை நேரம் ஒதுக்கியிருக்கிறார். அது வெறும் முன்னெச்சரிக்கைதான் என்று எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். திங்கட்கிழமையே புறப்பட்டு வந்துவிடு. ரயில் நிலைய வாசலில் நிற்பேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களை வயிறாரச் சாப்பிட அழைப்பதே முறை. உன்னை மட்டும், செவ்வாய்க்கிழமை காலை வெறும் வயிற்றோடு இரு என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
மாவ்-லின்